மூன்று அடுப்படிகளின் கீரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் காலைச் சந்தையில் கீரை மேசைகளைச் சுற்றி வருபவர் கண்ணுக்கு வல்லாரைக் கட்டு தப்பாது. வேரில் ஈர மண் ஒட்டியிருக்க, ரப்பர் வளையம் போட்டு, ஊலாம் ராஜாவுக்கும் கெசும் இலைக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். மலாய்க்காரர் அதைப் பெகாகா என்று கேட்டு வாங்குவார். கழுவிப் பச்சையாகவே சம்பால் பெலாச்சானில் தொட்டுச் சோற்றோடு சாப்பிடுவார். சீனர் வாங்கினால் சாறெடுத்து, உடம்புச் சூடு தணியக் குடிப்பார். தமிழர் வீட்டில் அது துவையலாகும், பருப்போடு கூட்டாகும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி விழும்.

வல்லாரை என்றால் ஞாபக சக்தி. தமிழரிடம் கேட்டால் முதலில் வரும் பதில் இதுதான். சரஸ்வதிக் கீரை என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. யுபிஎஸ்ஆர் தேர்வு நடந்த காலத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கீரைக்குத் தனி மவுசு இருந்தது. அந்தத் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. எஸ்பிஎம் தேர்வு இருக்கிறது, கீரையும் இருக்கிறது. ஆனால் இந்தச் செடியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய நல்ல செய்தி மூளையைப் பற்றியது அல்ல, தோலைப் பற்றியது. அந்தச் செய்தி வெளியே வந்த வழியில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு.

கடல் கடந்து வந்த தமிழர் தங்களோடு கொண்டுவர வேண்டியிராத கீரை இது. முருங்கைக் குச்சியையும் கறிவேப்பிலைக் கன்றையும் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். வல்லாரை இங்கே முன்பே தரையெல்லாம் படர்ந்து கிடந்தது. ஜொகூர் வழியாகச் செல்லும் ரயில் பாதை 1909-இல் முழுமையடைந்த பிறகு, குளுவாங் வட்டாரத்துக் காடு அழிந்து ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. மெங்கிபோல், லம்பாக் என்று தோட்டப் பெயர்களே பல குடும்பங்களுக்கு ஊர்ப் பெயர்களாயின. பால்மரக் காட்டில் தண்ணீர் வடிய வெட்டிய கான்களின் ஓரம், லயத்துக்குப் பின்னால் குழாயடி, மாட்டுக் கொட்டகைக்குப் போகும் ஈரப் பாதை என்று நிழலும் ஈரமும் சேர்ந்த இடமெல்லாம் வல்லாரைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் வாய்க்கால் வரப்பில் மழையை நம்பி வளர்வது, ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஜொகூரில் பன்னிரண்டு மாதமும் துளிர்க்கும்.

பால் நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் மடியில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வருவது தோட்டத்து வழக்கம். காய்கறிக்குக் காசு செலவழிக்க வழியில்லாத நாளில் அதுவே குழம்புக்குத் துணை. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் இருந்தார், வெள்ளை மருந்தும் சிவப்பு மருந்தும் கொடுத்தார். அதற்கு முன்னால் செய்து பார்க்கும் வைத்தியம் வீட்டில் இருந்தது. வாய்ப்புண்ணுக்கு வல்லாரை மெல்லுவது, சூட்டுக் கட்டிக்கு அரைத்துப் பூசுவது, தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது. இவையெல்லாம் பெரும்பாலும் எழுதப்படாமல், மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கையோடு கையாக வந்தவை.

இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் வரிசையாகக் காலியாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தரையில் படர்ந்து கிடக்கும் செடியைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் கண் அடுத்த தலைமுறைக்கு வருவது கடினமாகி வருகிறது. சந்தையில் கட்டாகப் பார்த்தவர்களுக்குத் தரையில் பார்த்தால் சந்தேகம் வந்துவிடுகிறது.

அடையாளம் இதுதான். செடிக்கு நிமிர்ந்த தண்டு கிடையாது. செம்மை ஓடிய மெல்லிய கொடி தரையோடு ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, அந்த இடத்திலிருந்து நாலைந்து இலைகளை நீண்ட காம்பில் தூக்கி நிறுத்தும். இலை சிறுநீரக வடிவம். விளிம்பெல்லாம் அரைவட்டப் பற்கள். காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும், நரம்புகள் அந்த இடத்திலிருந்தே விசிறியாகப் பிரியும். பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்: இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, வெளிர் ஊதாவில் கடுகளவு. வீட்டு முற்றத் தொட்டிகளிலும் மீன் குளங்களிலும் அழகுக்கு வளர்க்கும் வட்ட இலைச் செடி ஒன்று உண்டு. நாணயம் போல இருக்கும். பலர் அதையும் வல்லாரை என்று நினைத்துவிடுகிறார்கள். இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அதில் காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி போல, குத்திட்டிருக்கும். வல்லாரையில் விளிம்புப் பிளவில்தான் சேரும். கசக்கி முகர்ந்தால் கொத்துமல்லிக்கும் கேரட் தழைக்கும் உறவான ஒரு பச்சை வாசம் வரும். உறவு உண்மையானதே: மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மலேசியாவில் பெகாகாவிலேயே பல வகை உண்டு. இலை சிறுத்துக் கசப்புத் தூக்கலாக இருப்பது பெகாகா கம்போங், இலை அகன்று கசப்புக் குறைந்தது பெகாகா சாலட். மருந்துக்கு நாட்டு வகை, வாய்க்குச் சாலட் வகை என்று பழகியவர்கள் பிரித்து வாங்குகிறார்கள்.

அடுப்படிக்கு வந்தால், முதல் வேலை கழுவுவது. கீரை மண்ணோடு படர்வது. கொடியை நீக்கி, இலையையும் இளங்காம்பையும் மட்டும் கிள்ளி, வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து அலச வேண்டும். மண் அடியில் தங்கும். கீரையை மேலாக அள்ளி எடுத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர். அடியில் மணல் படியாத வரை இதை நிறுத்தக் கூடாது. பச்சையாகச் சாப்பிடுவதானால் கடைசித் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருப்பது நல்லது.

துவையலுக்கு இரண்டு பெரிய கைப்பிடி கீரை எடுத்தால், வதக்கிய பிறகு அரைப்பிடிதான் இருக்கும். நல்லெண்ணெயில் உளுத்தம் பருப்பைச் சிவக்க வறுத்து எடுத்து, அதே சட்டியில் காய்ந்த மிளகாய், நாலைந்து மிளகு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி. கடைசியில் கீரை. நிறம் மாறிச் சுருங்கியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் கிடந்தால் கசப்பு ஏறும், வாசமும் போய்விடும். தேங்காய்த் துருவல் சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் துவையல் தயார். இங்கே ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு: வல்லாரைக்குப் புளி ஆகாது, அதன் குணத்தைப் புளி கெடுக்கும் என்பார்கள் பெரியவர்கள். அதனால் பல வீடுகளில் புளிப்புக்கு எலுமிச்சை பிழிவார்கள். புளி வைத்து அரைப்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரணச் சாப்பாட்டுக்கு அது குற்றமில்லை.

யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்களில் கீரை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. இலையைச் சேர்த்துப் பிடித்து மயிரிழை போல நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கையால் பிசறினால் வல்லாரைச் சம்பல். உப்பும் புளியும் சாப்பிடப் போகும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். இலங்கையில் காலையில் விற்கும் இலைக்கஞ்சிக்கும் இது முக்கியமான கீரை. சிவப்பரிசியைப் பூண்டோடு குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வல்லாரைச் சாற்றைக் கடைசியாகச் சேர்த்து ஒரு கொதியில் இறக்குவார்கள். ஒரு கடி பனங்கருப்பட்டி, ஒரு மடக்குக் கஞ்சி. ஜொகூரின் மலாய் வீடுகளில் இதே கீரையைக் கெரிசிக், அதாவது வறுத்து இடித்த தேங்காய், சேர்த்துக் கெராபுவாக்குகிறார்கள். சம்பலுக்கும் கெராபுவுக்கும் உள்ள தூரம் மிகக் கொஞ்சம். குளுவாங் வீடுகளில் ஓர் அடுப்படியின் கைப்பக்குவம் அடுத்ததற்குப் போவது இயல்பாக நடக்கிறது. தமிழர் வீட்டுத் தட்டில் பெகாகாவும் சம்பால் பெலாச்சானும் இருப்பது யாருக்கும் புதுமையில்லை.

பொடி செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஊரில் ஒரு சிக்கல். வல்லாரையை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் கறுத்துப்போகும். குளுவாங்கின் ஈரக் காற்றில் நிழலில் பரப்பிய கீரை உலர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மெல்லிய துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அவ்வப்போது புரட்ட வேண்டும். விரலால் நொறுக்கினால் சருகுச் சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. பூஞ்சை வாடை வந்ததை வறுத்துச் சரிசெய்யலாம் என்று யாரும் முயல வேண்டாம், கொட்டிவிடுவதே வழி. தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது இதைவிடச் சுலபம்: இலையை அரைத்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் விட்டுச் சிறு தீயில் காய்ச்ச, சடசடப்பு அடங்கியதும் நீர் வற்றிவிட்டது என்று பொருள். சித்த மருத்துவத்தில் வல்லாரை நெய், சூரணம் என்று இன்னும் பக்குவங்கள் உள்ளன. அவை அளவும் துணை மருந்தும் அறிந்தவர் செய்ய வேண்டியவை. மலேசியாவில் 2016-இன் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் ஒரு துறையாக ஏற்றிருக்கிறது. பதிவுபெற்ற மருத்துவரைக் கேட்டுச் செய்ய வழி இருக்கும்போது காணொளி பார்த்து வீட்டில் நெய் காய்ச்ச வேண்டியதில்லை.

இனி அந்தப் புதுச்சேரிக் கதை. 1852-இல் மொரீசியசில் புவாலோ என்ற மருத்துவர் வல்லாரை தொழுநோய்க்கு உதவுகிறது என்று கவனத்துக்குக் கொண்டுவந்தார். தொழுநோய்க்கு உருப்படியான மருந்தே இல்லாத காலம் அது. சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1855-இல் அறிக்கை எழுதினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு மருந்தாளர் ஜூல் லெப்பின் இலையைப் பகுத்து ஆராய்ந்து, அதிலிருந்து பிரித்த எண்ணெய்ப் பசையான பொருளுக்குத் தமிழ்ப் பெயரை வைத்தே வெல்லாரின் என்று பெயரிட்டார். ஹண்டரின் முடிவு நிதானமானது: இது தொழுநோயைத் தீர்க்கும் மருந்தல்ல, ஆனால் நோயின் அறிகுறிகளைத் தணிப்பதில் பயன் தெரிகிறது. 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் வல்லாரை இடம்பெற்றது.

அந்த நிதானம் காலத்தால் மெய்ப்பட்டது. 1941-இல் பிரான்சில் பாண்டெம்ஸ் என்பவர் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தார். மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைத் தொழுநோய்ப் புண்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். தொழுநோய்க்கு வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டாலும், காயத்தை ஆற்றும் இந்தக் குணம் மருந்துக் கடைகளில் நிலைத்தது. ஏசியாட்டிகோசைடும் அதன் துணைப் பொருள்களும், தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் காயம்பட்ட இடத்தில் உருவாவதைத் தூண்டுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகை நூலின் முதல் தொகுதியில், மருத்துவச் சோதனை ஆதரவு உள்ள பயன்களாகச் சொல்லப்பட்டவை காயம், தீப்புண், தோல் புண், தடித்த தழும்பைத் தடுத்தல் ஆகியவை. ஞாபக சக்தி அந்த வரிசையில் இல்லை. இன்று பேரங்காடியின் அழகுப் பொருள் அலமாரியில் சிக்கா என்ற பெயரோடு நிற்கும் கொரியக் களிம்புகளுக்கும் மூலப் பொருள் இதுவே. தோட்டத்துப் பாட்டிகள் சூட்டுக் கட்டிக்கு அரைத்துப் பூசியது வீண் நம்பிக்கையல்ல என்பதைத் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். தொழிற்சாலையில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த களிம்பு வேறு, கானோரத்தில் பறித்து அம்மியில் அரைத்த விழுது வேறு. திறந்த காயத்தில் பச்சை இலையை வைத்துக் கட்டினால் மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். வெட்டுக்காயத்துக்குச் சோப்பும் தண்ணீரும், தேவையானால் தடுப்பூசியும்தான் முதல் மருந்து.

அப்படியானால் ஞாபக சக்தி? 1973-இல் இந்தியாவில் அப்பா ராவ் குழுவினர், மனவளர்ச்சி குன்றிய 30 குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்து, அவர்களின் பொதுத் திறனில் முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். அந்த ஆய்வைத்தான் விளம்பரங்கள் இன்றுவரை நம்பியிருக்கின்றன. ஆனால் 2017-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், அதுவரை மனிதர்களிடம் நடந்த தரமான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவுத் திறனை வல்லாரை உயர்த்துகிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. விழிப்பைக் கூட்டி, எரிச்சலைக் குறைத்து, மனநிலையைச் சற்றுச் சீராக்கலாம் என்பது அவர்கள் கண்டது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு அதுவும் நல்லதே. ஆனால் துவையல் பாடத்தை மனப்பாடம் செய்து தராது. பிள்ளைக்குக் கீரையைக் கொடுப்பதில் தவறில்லை. மதிப்பெண் குறைந்தால் மாத்திரையாகவும் கொடுக்கத் தொடங்குவதுதான் தவறு.

மாத்திரை என்று சொல்லும்போது அளவு மாறிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டித் துவையல் உணவு. செறிவூட்டிய சாறு அடைத்த குளிகையை மாதக் கணக்கில் விழுங்குவது மருந்து. 2005-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த அறிக்கை, வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததையும், நிறுத்தியபின் தேறியதையும் பதிவு செய்திருக்கிறது. அரிதான சம்பவம்தான். ஆனாலும் கல்லீரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், தூக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மலேசியாவில் விற்கும் பாரம்பரிய மருந்துப் புட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத புட்டியை, விற்பவர் சொந்தக்காரராக இருந்தாலும், வாங்கக் கூடாது.

பறிக்கும் இடம் இன்னும் பெரிய விஷயம். மண்ணில் உள்ள ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களை வல்லாரை தன்னுள் இழுத்துக்கொள்ளும். புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்பத்தின் பல இடங்களிலிருந்து இந்தச் செடியை எடுத்துச் சோதித்து, மாசை அளக்கும் கருவியாகவே அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் பெருஞ்சாலை ஓரத்திலும் பட்டறைக்குப் பின்னாலும் பறித்த கீரை எதைச் சுமந்து வரும் என்று யோசிக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக் கீரைக்கு வேறு ஆபத்து. மரத்தடியைச் சுத்தமாக வைக்கப் புல் மருந்து அடிப்பார்கள். அந்த வேலையைப் பல காலம் முதுகில் தோம்பு சுமந்து செய்தவர்கள் தமிழ்ப் பெண்கள். மிகக் கொடிய புல் மருந்தான பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது, வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் மற்றப் புல் மருந்துகள் தொடர்கின்றன. மருந்து அடித்து இரண்டு மூன்று நாள் வரை இலை பச்சையாகவே நிற்கலாம், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளம் வடிந்த இடமும் அப்படியே. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பிறகு 2023 மார்ச்சிலும் குளுவாங் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய நாட்களுக்குப் பிறகு ஆற்றோரக் கீரையைத் தொடாமல் இருப்பதே நல்லது. எலிச் சிறுநீர் கலந்த நீரில் பரவும் எலிக் காய்ச்சலை இங்கே எல்லோரும் அறிவார்கள்.

இத்தனை பயத்துக்கும் தீர்வு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சந்தையில் வாங்கும் கட்டில் வேரோடு கூடிய கொடி நிச்சயம் நாலைந்து இருக்கும். இரண்டு கணுவுள்ள துண்டாக நறுக்கி, கணு மண்ணில் புதையும்படி, அகலமான ஆழங்குறைந்த தொட்டியில் நட்டால் போதும். மண்ணில் மட்கிய எரு பாதி இருக்கலாம். காலை வெயில் பட்டு, மதிய வெயில் படாத இடம், தாமான் வீட்டில் வாசல் கூரைக்குக் கீழே வழக்கமாகக் கிடைக்கும். மண் காயக் கூடாது, தண்ணீர் தேங்கி அழுகவும் கூடாது. தேங்கினால் கொசுவும் வரும், டெங்கிப் பரிசோதனைக்காரர்களும் வருவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். வெளிப்பக்கத்து முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளி எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும். கொடி தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கத் தொடங்கியதும் அதை வெட்டி இன்னொரு தொட்டியில் நடலாம், அல்லது பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கொடுக்கலாம்.